போவது சரி, வருவது எப்படி?



உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி 25 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரத்திற்கு வேலைக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்கு மாத வாடகைக்குப் பேசிய வேன் தெருமுனைக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்கிறது. மாலை ஏழரைக்கு அதே வேன் அதே தெருமுனையில் இறக்கிவிடுகிறது. உடன் வருபவர்கள் அறிமுகமான பெண்கள், ஓட்டுநரும் தெரிந்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கே தாங்க முடியாத வயிற்றுவலி வருகிறது. அல்லது வீட்டில் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று தகவல் போகிறது. வேன் அந்நேரம் பள்ளிக்கூடச் சவாரிக்குப் போயிருக்கும். மாலை ஆறரை வரை அது அவளுக்குக் கிடைக்காது. அவள் எப்படி வீடு வந்து சேர்வாள்?

இந்தக் கேள்வியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணிப் பார்ப்பவர்களோ விடை கிடைக்காமல் பிள்ளையை வேலைக்கே அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் வெளியே போகலாமா கூடாதா என்று நம்மிடையே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். போனவள் நடுப்பகலில் திரும்பி வர வேண்டுமானால் எதில் ஏறி வருவாள் என்று எழுதியவர் யாரையும் நான் கண்டதில்லை. ஆகவே இம்மாதம் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விழைகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இந்த ஊர்களிலிருந்து நாள்தோறும் ஏராளமான பெண்கள் தூத்துக்குடிக்கு வேலைக்குச் செல்கின்றனர். துணிக்கடை, மருத்துவமனை, இறால் கம்பெனி, துறைமுகத்தைச் சார்ந்த ஏற்றுமதி இறக்குமதி அலுவலகம் என வேலை பலவகை. பேருந்தில் போவோர் உண்டு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு போவோரும் உண்டு. நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் சிறு வயதில் படித்த பிள்ளைகள் சிலரும் அந்த வேன்களில் இருக்கிறார்கள். காலையில் சாலையோரம் நிற்கும்போது ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர்களுள் ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்தவள், ஒரே மகன், அப்போது ஏழு வயது. துணிக்கடையில் வேலை. ஒருநாள் முற்பகல் 11.40 மணிக்குக் கடைக்குத் தகவல் வந்தது. மகன் பள்ளிச் சுவரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். கடைக்காரர் நல்லவர். உடனே போகச் சொல்லிவிட்டார். ஆனால் எதில் போவது? கையில் 60 ரூபாய் இருந்தது. ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையம் போனாள். அப்போதுதான் ஒரு பேருந்து புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்தது வரத் தாமதம். வந்ததும் நிற்க இடமில்லாத நெரிசல். வீடு வந்து சேர்ந்தபோது மணி 2.15. பிள்ளை அண்டை வீட்டுத் திண்ணையில் கையைத் துணியால் கட்டிப் படுத்திருந்தான். பெற்றவள் வரட்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று காத்திருந்திருக்கிறார்கள். 25 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தைக் கடக்க அந்தத் தாய்க்கு இரண்டரை மணி நேரத்திற்கும் மேலானது.

கை நாளடைவில் கூடிவிட்டது. ஆனால் அவள் மறு வாரமே வேலையை விட்டுவிட்டாள். இன்று வீட்டில் தையல் தைக்கிறாள். கடையில் வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அந்த மாதம் நல்ல மாதம் என்கிறாள். அவளை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. குடும்பத்தார் தடுக்கவும் இல்லை. அன்றைய இரண்டரை மணி நேரம் அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

அரசும் நீதிமன்றமும் இவ்விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, பெண்களை இரவு நேரத்தில் தொழிற்சாலையில் வேலை வாங்கலாகாது என்றது. அந்தப் பகுதி செல்லாது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு சில நிபந்தனைகளையும் நீதிமன்றம் விதித்தது. இரவுப் பணிக்கு வரும் பெண்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து மீண்டும் வீட்டில் கொண்டுசேர்க்கும் வாகன வசதி அவற்றுள் ஒன்று. 2019இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாள் முழுதும் திறந்திருக்கத் தமிழக அரசு அனுமதித்தபோது, பெண் ஊழியருக்கு வாகன ஏற்பாடு வேண்டும் என்பதும் நிபந்தனையாக இருந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் பெரிய காரியங்களே, மறுப்பதற்கில்லை.

ஆயினும் நன்கு கவனியுங்கள். இவை யாவும் குறித்த நேரத்தில் போவதையும் குறித்த நேரத்தில் வருவதையும் பற்றியவை. நோயும் விபத்தும் மணி பார்த்து வருவதில்லையே! பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் இருக்கிறது, பாதுகாப்பு இருக்கிறது, பேருந்தில் காசும் வேண்டாம். ஆனால் பேருந்து வர வேண்டுமே!

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகள் பி.காம். முடித்திருந்தாள். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அனுப்பவா வேண்டாமா என்று ஆலோசனை கேட்டார். பெண்களின் வேலை பற்றி மார்க்கச் சட்டம் கேட்கிறார் என்று எண்ணி நான் தொடங்கும்போதே அவர் கையமர்த்தினார்.

"அது எனக்குத் தெரியும் உஸ்தாத். போறது சரி. வாறதைச் சொல்லுங்க" என்றார்.

அவர் சவூதியில் பதினொரு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். நூற்றுக்கணக்கான தொழிலாளிகளைக் கம்பெனிப் பேருந்தில் காலையில் கொண்டுபோய் மாலையில் கொண்டுவந்தவர். "அங்கே பாலைவனத்துக்கு நடுவிலே வேலை. ஆனா ஒருத்தனுக்கு உடம்புக்கு ஆகலைன்னா ஃபோர்மேன் ஒரு பிக்கப் வண்டியை அனுப்பிடுவான். அந்த வண்டி தினமும் சும்மாதான் நிக்கும். சும்மா நிக்குதேன்னு யாரும் அதை வேற வேலைக்கு எடுக்க மாட்டாங்க. இங்கே என் மவளுக்கு அந்த வண்டி எது?"

அவரை நான் பிற்போக்கானவர் என்று சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டிப் பிழைத்தவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. சில நாள் தவணை கேட்டு அனுப்பிவைத்தேன்.

பின்னர் தேடிப் படித்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. இதே கேள்வியைச் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் கேட்டிருக்கிறார்கள்! தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மாசைக் குறைப்பதற்காக 1987ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் 100 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், தம் ஊழியர்கள் ஆளுக்கொரு காரில் தனியே வருவதைக் குறைக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது அவ்விதி. நான்கு பேர் சேர்ந்து ஒரே காரில் வாருங்கள், பேருந்தில் வாருங்கள் என்று நிறுவனங்கள் அழைத்தன. அப்போது எழுந்த தடைகளுள் ஒன்று நம் தகப்பனார் கேட்டதே தான். 'பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல் என்றால், என் கார் வீட்டில் நிற்கிறதே, நான் எப்படிப் போவது?' என்றனர் மக்கள்.

அதற்குக் கண்ட தீர்வு எளியது. சேர்ந்து வருபவருக்கும் பேருந்தில் வருபவருக்கும், அவசரம் நேர்ந்தால் வாடகைக் கார் ஒன்று இலவசமாக வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் என்று முன்கூட்டியே வாக்களிப்பது. வீடு திரும்புவதற்கான உத்தரவாதம் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் 1997இலும், கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1998இலும் இது பொதுத்திட்டமாகவே தொடங்கப்பட்டது. தனக்கோ குடும்பத்தாருக்கோ நோய், வீட்டில் நெருக்கடி, முன்னறிவிப்பின்றி நேரம் கடந்து வேலை, இவற்றுக்கு வண்டி உண்டு. கடைத்தெருவுக்குப் போகவும், முன்பே குறித்துவைத்த மருத்துவரைப் பார்க்கவும் கிடையாது. ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் உண்டு.

இதில் என்னை வியக்கவைத்தது யாதெனில், பெயரைப் பதிந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வண்டியை ஒருமுறைகூட அழைத்ததில்லை. அழைக்காவிட்டாலும், அது இருக்கிறது என்ற தைரியத்தில் நாள்தோறும் பேருந்தில் ஏறினார்கள். சும்மா நின்ற அந்தச் சவூதிப் பிக்கப் வண்டி செய்த வேலையும் இதுவே அல்லவா?

இதைப் படித்தபோது எங்கள் கடற்கரையின் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பரதவரும் முஸ்லிம்களும் சேர்ந்து மூழ்கிய கடல் அது. மூழ்குபவர் கல்லின் பாரத்தால் விரைந்து அடியாழம் போய்விடுவார். போவதற்குக் கல் போதும். மேலே வர, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழிருந்து கயிறு அசைந்த மறுகணம் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கை விதவையாவதை எந்த அண்ணன் விரும்புவான்! கயிறு பிடிப்பவர் யார் என்பதை மூழ்கிய பின்னர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நிற்க.

நாங்கள் செய்ததைக் கூறுகிறேன். வேனில் போகும் பெண்கள் 17 பேர். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் உண்டு. ஆளுக்கு மாதம் 40 ரூபாய் போடுவது என்று முடிவாயிற்று. மாதம் 680 ரூபாய் சேரும். தொடக்கத்துக்கென எங்கள் மஹல்லாவில் இருவர் ஸதக்காவாக ஒரு தொகை தந்தனர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பணத்தைப் பொறுப்பேற்றார். தூத்துக்குடியில் ஆட்டோ ஓட்டும் எங்கள் பகுதிக்காரர் ஒருவரிடம் பேசி, எந்நேரமானாலும் வீடுவரை 550 ரூபாய் என்று நிர்ணயித்தோம். அவர் கிடைக்காவிட்டால் அழைப்பதற்கு இரண்டாவது ஒருவர் வேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. அவசரம் வந்தவள் நேராக ஓட்டுநரை அழைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவள் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. ஓட்டுநர் பின்னர் ஆசிரியையிடம் வாங்கிக்கொள்வார். முன்னே நான் சொன்ன தாயிடம் அன்று 60 ரூபாய் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இப்போது கைப்பேசியில் பணம் அனுப்பலாம், கைப்பேசியைத் தட்டினால் கார் வரும் என்பார்கள். சென்னையில் வரும். தூத்துக்குடியிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டிய எங்கள் ஊர்களுக்கு வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டாருக்கோ, ஓட்டுகிறவர் தெரிந்தவர் என்பது வண்டி வருவதைவிடப் பெரிது.

சச்சரவுகளும் எழாமல் இல்லை. ஒருவர், ஓராண்டு பயன்படுத்தாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார். தீப்பிடிக்கவில்லை என்பதற்காகக் காப்பீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பார் உண்டா என்று ஆசிரியை கேட்டதும் அடங்கினார். கலியாண வீட்டுக்கு முன்கூட்டிப் போக வண்டி கேட்டாள் ஒரு பெண். மறுக்கப்பட்டது, இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரம் மெய்தானா என்று சான்று கேட்க வேண்டும் எனச் சிலர் வற்புறுத்தினர். அதை நான் உறுதியாக எதிர்த்தேன். நோயில் தவிப்பவளிடம் சீட்டுக் கேட்பது அழகன்று. பொய் சொல்லி ஒருமுறை ஏறினால் 550 ரூபாய் நஷ்டம். சான்றுக்கு அஞ்சி ஒருத்தி அழைக்காமல் இருந்துவிட்டால் அதற்கு விலை ஏது?

முதல் ஓராண்டில் மூன்று முறைதான் வண்டி அழைக்கப்பட்டது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குத் தலைசுற்றல், கப்பல் ஆவணம் தாமதமாகி இரவு எட்டரை வரை அலுவலகத்தில் இருந்துவிட்டு வேனைத் தவறவிட்டவள் ஒருத்தி. பணம் மிச்சமிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

தவணை முடிந்து அந்தத் தகப்பனார் மீண்டும் வந்தபோது ஏற்பாடுகளைச் சொன்னேன். எழுதிவைத்த தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "ரெண்டாவது டிரைவர் பேர் காலியா இருக்கே" என்றார். அவரிடம் பழைய ஆம்னி வண்டி ஒன்று இருக்கிறது. "என் பேரை எழுதுங்க." மகள் மறு மாதம் வேலையில் சேர்ந்தாள். அவளுக்காக இதுவரை அவர் போக நேரவில்லை. தலைசுற்றல் வந்த பெண்ணைக் கூட்டிவரப் போனவர் அவர்தான். 550 ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவள் உங்களை அழைக்கக் கூச்சப்படுவாள் என்று ஆசிரியை அவர் சட்டைப்பையில் திணித்தார்.

ஜகாத் நிதியைக் கொண்டு இதை நடத்தலாமா என்று சிலர் கேட்கின்றனர். திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெற உரிய எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. அவர்களுள் எட்டாமவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் வசதியுடையவராயினும் வழியில் கையற்று நிற்பவரை அச்சொல் குறிக்கும் என்பர் அறிஞர். நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவரும் அதில் அடங்குவாரா என்பதை ஃபத்வா வழங்கும் தகுதியுடையோர் கூறட்டும். எங்கள் நிதி எல்லாச் சமயத்தாரும் போட்ட பொதுப்பணம்; ஆகவே ஜகாத்தை அதனுடன் கலக்கவில்லை. ஸதக்காவுக்குத் தடையேதும் இல்லை. பயணிகளுக்கென முசாபர்கானா கட்டிவைத்த சமுதாயத்திற்கு இந்தச் சிந்தனை புதிதும் அன்று.

பெருந்துன்பம் வரும்போது நம் மக்கள் கைவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இந்த மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் தம் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது. 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 800 பேர் சிக்கிக்கொண்டால் நாடே திரும்பிப் பார்க்கும். பேருந்து நிலையத்துத் தூணருகே கைப்பேசியைக் காதில் வைத்தபடி ஒருத்தி அழுதுகொண்டு நின்றால், கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எங்கள் ஏற்பாட்டில் இன்னும் ஒரு குறை உள்ளது. முத்தையாபுரம் பக்கத்து உப்பளங்களுக்குப் போகும் பெண்கள் சிலர், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்தார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்பே லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு போகிறவர்கள். கூலி அன்றாடம்; வேலையில்லாத மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மாதம் 40 ரூபாய் அவர்களுக்குச் சிறு தொகையன்று. உப்பளம் பாத்திகளுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே இருக்கிறது. ஆட்டோக்காரர் அந்த வரப்பில் வர மாட்டேன் என்கிறார். அழைத்துவரும் கங்காணியிடம் இரண்டு முறை பேசினோம், "பார்க்கலாம்" என்றார். ஆம்னிக்காரர் மட்டும், சாலைவரை அந்தப் பெண்கள் நடந்து வந்துவிட்டால் நான் வருகிறேன் என்கிறார். மழைக்காலம் இல்லாத மாதங்களில் மட்டும் பணம் வாங்கலாம், பாதியை நம் நிதியிலிருந்து போடலாம் என்பது ஆசிரியையின் கணக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அவர்களையும் வைத்துப் பேச இருக்கிறோம்.